முங்கண்ணனின் மூச்சுக் கட்டங்கள்

எட்டு வயதுப் பிள்ளை, தனக்கு எவ்வளவு மூச்சு மீதியிருக்கிறது என்பதை எப்படிச் சொன்னால் பெரியவர்கள் நம்புவார்கள்? இன்று வரை எனக்கு விடை தெரியவில்லை.

என் மகள் பிரின்சிக்கு முதல் இளைப்பு நத்தத்தில் வந்தது. என் தங்கை வீட்டில் புளி தட்டிக்கொண்டிருந்தார்கள். விளையாடிக்கொண்டிருந்தவள் வந்து என் மடியில் சாய்ந்தாள். நெஞ்சுக்குள் விசில் ஊதுவது போல ஒரு சத்தம். திண்டுக்கல் டாக்டர் ஆஸ்துமா (மூச்சுக்குழல்கள் சுருங்கிக் காற்று போய்வரத் திணறும் நோய்) என்றார். இன்ஹேலர் (வாயில் வைத்து மருந்தை நுரையீரலுக்குள் இழுக்க உதவும் சிறு குழல்) எழுதிக் கொடுத்தார்.

நாகல் நகரில் எங்கள் வீட்டுக்கு வந்த நாத்தனார் அதைப் பார்த்துவிட்டார். "பொம்பளப் புள்ளைக்கு இத வாயில வச்சுப் பழக்காத. நாளைக்கு யாரு பொண்ணு கேட்டு வருவாக?" என்றார். நான் பி.எஸ்சி. படித்தவள். இருந்தும், ஆட்கள் வரும்போதெல்லாம் இன்ஹேலரை அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்தேன்.

ஓடக் கூடாது, தூசியில் போகக் கூடாது என்றானதும், அவள் அப்பா வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுக் கடையிலிருந்து டிவியில் மாட்டும் வீடியோ கேம் வாங்கி வந்தார். ஒரு கேசட்டில், கடலுக்குள் முங்கிக் கல் பொறுக்கும் குட்டை ஆள் ஒருவன் வருவான். கத்தி, துப்பாக்கி எதுவும் கிடையாது. திரையின் மேலே பத்துக் கட்டங்கள். மூச்சு குறையக் குறைய அவை ஒவ்வொன்றாக அணையும். அவன் நீருக்கு மேலே வந்தால் மறுபடி நிறையும். பிரின்சி அவனுக்கு முங்கண்ணன் என்று பேர் வைத்தாள். மற்ற கேசட்டுகளில் பறந்து பறந்து அடிக்கும் வீரர்களை அவள் சீண்டவே இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"முங்கண்ணன் பாதியில மேல வந்து மூச்சு வாங்குனா யாரும் ஏசமாட்டாகம்மா. பாயிண்டும் கொறையாது."

பிறகு தன் மூச்சையும் அப்படியே எண்ணத் தொடங்கினாள். அம்மா, அஞ்சு கட்டம்தான் இருக்கு என்பாள். எனக்கு எரிச்சல் வரும். டாக்டரிடம் சொன்னபோது, டிவியைக் குறையுங்கள் என்றார். பெற்றோர் கூட்டத்தில் வகுப்பு ஆசிரியையிடம் நானே போய்ச் சொன்னேன்: கேம் பைத்தியமாகிவிட்டாள், கட்டம் கட்டம் என்று உளறுவாள், கண்டித்து வையுங்கள் மிஸ்.

மிஸ் நான் சொன்னபடியே செய்தார். ஒரு மதியம் கரும்பலகைத் தூசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து, ரெண்டு கட்டம்தான் இருக்கு மிஸ் என்றிருக்கிறாள். வகுப்பே சிரித்திருக்கிறது. அவளைப் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தியிருக்கிறார். நான் கொடுத்துவிட்டிருந்த இன்ஹேலர் அலுவலக பீரோவுக்குள் பூட்டியிருந்தது. மருந்து பிள்ளைகள் கையில் இருக்கக் கூடாது என்பது பள்ளியின் விதி. சாவிக்காரர் சாப்பிடப் போயிருந்தார். எதிர்வீட்டு போனில் சேதி வந்து, நான் ஆட்டோவில் போய்ச் சேர்ந்தபோது அவள் உதடு நீலம் பாரித்திருந்தது.

ஆஸ்பத்திரியில் நெபுலைசர் (மருந்தைப் புகைபோலாக்கி முகமூடி வழியே தரும் கருவி) வைத்தார்கள். முகமூடிக்குள்ளிருந்து, "நாலு வந்துருச்சு" என்றாள். பழக்கதோஷத்தில் அவளை அடக்கினேன். பணியிலிருந்த பெண் டாக்டர் என்னைத் தடுத்து, அது என்ன கணக்கு என்று அவளிடமே கேட்டுத் தெரிந்துகொண்டார். சற்று நேரம் கழித்து, மூச்சின் வேகத்தை அளக்கும் குழாயை நீட்டினார்.

"இப்ப எத்தன கட்டம்டா?"

"ஆறு."

ஊதினாள். அளவு பாதிக்குச் சற்று மேலே நின்றது. டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இவ சரியாத்தான் சொல்லிட்டு இருந்திருக்கா. நீங்கதான் கேக்கல."

வீடு திரும்பியதும் பள்ளிக்குப் போய்ச் சண்டை போட்டேன். "நீங்கதான கண்டிக்கச் சொன்னீங்க?" என்றார் மிஸ். சொன்னது நான்தான். ஆனால் கோபம் தணியவில்லை. மூச்சுக்குத் தவிக்கும் பிள்ளையின் மருந்தைப் பூட்டி வைத்து எந்த ஒழுங்கைக் காப்பாற்றுகிறார்கள்? என்றோ வரப்போகும் மாப்பிள்ளை வீட்டாருக்காக ஒரு பெண் பிள்ளை இன்றைக்கு மூச்சை ஒளிக்க வேண்டுமா? நாத்தனாரிடம் முதல்முறையாக எதிர்த்துப் பேசினேன்.

"கேட்டு வாரவுக வரட்டும் மதினி. அதுவரைக்கும் இவ உசுரோட இருக்கணும்ல."

டாக்டரின் கடிதத்தைப் பள்ளியில் காட்டிய பிறகு, இன்ஹேலர் அவள் பையிலேயே இருக்கிறது. இளைப்பும் குறைந்துவிட்டது. எனக்குத்தான் உடம்பு மாறிவிட்டது. அவள் தூங்கும்போது அவள் நெஞ்சோடு சேர்ந்து என் நெஞ்சும் ஏறி இறங்குகிறது. ஒரு நிமிடம் எவ்வளவு நீளமானது என்று இப்போது தெரிகிறது.

ஆனால் பிரின்சி கட்டம் சொல்வதை நிறுத்திவிட்டாள். போன வாரம் மாடிப்படியில் பாதியில் நின்றாள். எத்தனை கட்டம் என்று நானே கேட்டேன். தோள்கள் ஏறி இறங்க, என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பத்தும் இருக்கும்மா" என்றாள்.

இதைக் கடந்து வந்த தாய்மார்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். நம்பாமல் விட்ட ஒரு பிள்ளையை, மறுபடி நம்மிடம் உண்மையைச் சொல்ல வைப்பது எப்படி?