வாய்படாத தேன்

இடது கை வலையை விலக்கி வாழைப்பூவின் மடலைத் தூக்கியது. வலது கை ஊசி போன்ற கண்ணாடிக் குழாயை ஒரு பூவுக்குள் நுழைத்தது. தேன் தானாகவே குழாயில் ஏறியது. விரல்கள் இரு முனைகளையும் மெழுகால் அடைத்து, எண் ஒட்டி, ஐஸ் பெட்டியில் வைத்தன. முப்பத்தொன்று.

அப்போதுதான் அர்த்தனாரியின் நாக்கில் இனிப்பு தெரிந்தது.

அவருடையது கொல்லிமலையில் தேன் எடுக்கும் குடும்பம். எந்தப் பூவையும் முதலில் நாக்கில் தொட்டுப் பார்ப்பார்கள். அங்கே தேனீ வருமா என்பது ருசியிலேயே தெரிந்துவிடும். அதே பழக்கத்தில் இப்போதும் தொட்டிருக்கிறார். முந்தைய முப்பதில் எத்தனையைத் தொட்டாரோ, நினைவில்லை.

ஆராய்ச்சி செய்யும் பானுமதி வெள்ளிதோறும் நாமக்கல்லிலிருந்து பஸ்ஸில் வருவாள். தேனீயின் வாயோடு வரும் ஈஸ்டும் மற்ற நுண்ணுயிர்களும் பூந்தேனில் பெருகி அதைப் புளிக்க வைக்கும். சில புளிப்பைத் தேனீ தேடி வருகிறது, சிலதை விட்டுப் போகிறது. ஏன் என்பது அவள் கேள்வி. ஒப்பிட்டுப் பார்க்க எந்த வாயும் படாத தேன் வேண்டும். அதற்காக அவள் தரும் கூலிக்கு அர்த்தனாரி மொட்டிலேயே வலை கட்டி, மூன்று வாரம் காத்திருந்தார்.

மனைவி இறந்து நான்கு வருடம். மகள் திருப்பூரில். வெள்ளிக்கிழமை தவிர அவரோடு பேச ஆளில்லை. சொன்னால் இந்த வேலை போகும், வெள்ளிக்கிழமையும் போகும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது.

அன்று பஸ்ஸிலிருந்து இறங்கிய பானுமதி பெட்டிக்குக் கை நீட்டினாள். அவர் தரவில்லை.

"இது ஆகாதுங்க அம்மணி. வாய் வெச்சுட்டனுங்க. எத்தனையிலன்னு சொல்லத் தெரியலீங்க."

பானுமதி நீட்டிய கையை இறக்கினாள்.

"தேனீக்கு மட்டுந்தான் வலை கட்டணும்னு நெனச்சனுங்கண்ணா" என்றாள்.

கீழ்த்தோப்பில் இன்னும் மொட்டு இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தது. புதிதாகக் கட்டச் சொன்னாள். வலை கட்டாத பூக்களின் தேன் ஏற்கெனவே சேர்த்தாகிவிட்டது, அவை விரியும்வரை வந்து பயனில்லை, மூன்று வாரம் கழித்து வருகிறேன் என்று அதே பஸ்ஸில் திரும்பிவிட்டாள்.

முதல் வெள்ளியன்று பஸ் வந்து போகும் சத்தத்தைத் தோப்பிலிருந்தே கேட்டார். இரண்டாவது வெள்ளியும் அப்படித்தான். வலை கட்டாத பூக்களில் கொசுத்தேனீ காலையில் மொய்த்தது. உச்சிவேளையில் உட்காராமல் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனது. நாக்கில் வைத்தால் காரணம் தெரிந்துவிடும். வைக்கவில்லை.

மூன்றாவது வெள்ளி விடிந்ததும் துண்டால் வாயை இறுகக் கட்டிக்கொண்டு குழாயை எடுத்தார். விறகோடு அந்த வழியே போன ஊர்க்காரி ராமாயி பல்வலியா என்று கேட்டாள். அந்த வாரத்தில் அவரிடம் பேசியவள் அவள் ஒருத்திதான். அவர் துண்டை அவிழ்க்காமல் தலையசைத்தார். அவள் போய்விட்டாள்.

பஸ் நின்றது. அர்த்தனாரி துண்டைக் கழுத்துக்கு இறக்கினார்.

"நாப்பதுங்க அம்மணி. ஒண்ணுலயும் வாய் படலீங்க."

இரண்டு கைகளாலும் பெட்டியை நீட்டினார். பானுமதி வாங்கிக்கொண்டாள்.