நான் நனைத்த சுவர்

சுவரை நனைத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சொல்ல வேண்டிய நேரத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றவள் நான்.

மலேசியாவில், சுங்கை சிப்புட் ஊருக்கு வெளியே, ரப்பர் மரங்களைத் தள்ளிவிட்டு வரிசை வீடுகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். பூச்சு வேலை என் அண்ணனுக்கும் அவருடைய ஆட்கள் நான்கு பேருக்கும். அவர்களுக்குச் சிமெண்ட் குழைத்துத் தூக்கிக் கொடுத்தே இருபது வருடமாக என் தோள்பட்டை தேய்ந்தது. போன வருடம் தவுக்கே, அதாவது எங்கள் முதலாளி, பூச்சு ரோபோ ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். ஓட்ட ஆள் வேண்டும் என்றார். ஆண்கள் எல்லோரும் அதை முறைத்துக்கொண்டு நிற்க, நான் கையைத் தூக்கினேன். ஈப்போவில் மூன்று வாரம் பயிற்சி. "தூக்கு" என்று இல்லாமல் "பட்டனை அழுத்துங்க" என்று ஒருவர் என்னிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மெஷின் ஜெயிக்க வேண்டும் என்று எனக்கு வெறியே இருந்தது.

சோதனைக்கு ஒரே ஒரு சுவர். தேறினால் பெரிய சுவரெல்லாம் மெஷினுக்கு. மூலை, குளியலறை, ஜன்னல் ஓரமெல்லாம் அண்ணனுக்கு. தேறாவிட்டால் எல்லாம் பழையபடி, நானும் பழையபடி வாளி தூக்க வேண்டியதுதான். எப்படியானாலும் அண்ணனுக்கு அங்கே வேலை உண்டு என்று தவுக்கே வாக்குக் கொடுத்திருந்தார்.

அன்று காலை எல்லோருக்கும் முன்னால் போய்விட்டேன். படபடப்பில் சும்மா நிற்க முடியவில்லை. குழாயைத் திறந்து சுவர் முழுக்கத் தண்ணீர் அடித்தேன். செங்கல் சுவரென்றால் பூசுவதற்கு முன்னால் நன்றாக நனைக்க வேண்டும், இல்லாவிட்டால் பூச்சு வெடிக்கும். இருபது வருடமாக என் முதல் வேலையே அதுதான். ஆனால் இது செங்கல் இல்லை, லேசான வெள்ளைக் கல். மெஷின் கலவைக்குச் சுவர் காய்ந்திருக்க வேண்டும் என்று பயிற்சியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். பழகிய கை அதையெல்லாம் யோசிக்கவில்லை. மற்றவர்கள் வந்து சேர்வதற்குள் சுவர் வெளிப்பார்வைக்குக் காய்ந்துவிட்டது, உள்ளே ஊறிப்போயிருந்தது.

பட்டனை அழுத்தினேன். மெஷின் கீழிருந்து பூசிக்கொண்டே மேலே ஏறியது. அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "பரவாயில்லலா, நேராத்தான் போவுது" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் சுவரின் நடுவில் பூச்சு உப்பியது. அப்படியே மொத்தமாகச் சரிந்து தரையில் விழுந்தது.

தவுக்கே கல்லில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "சியாப்பா சீராம்?" என்று மலாயில் கத்தினார். யார் தண்ணீர் அடித்தது? அத்தனை கண்ணும் அண்ணன் மேல் திரும்பியது. எனக்கு அப்போதுதான் குழாய் ஞாபகம் வந்தது.

"நாங்க இல்ல போஸ். இப்பத்தான் வாரோம்" என்றார் அண்ணன்.

மெஷினைக் கெடுக்க வேண்டுமென்றே செய்த வேலை இது, உடனே இடத்தைக் காலி பண்ணுங்கள் என்றார் தவுக்கே. நான் பட்டன் பக்கத்திலேயே நின்றேன். சொன்னால் என் வேலை போய்விடும். சொல்லாவிட்டால் அண்ணன் வேலை போய்விடும். அண்ணனும் ஆட்களும் பூச்சுக் கரண்டிகளைக் கழுவினார்கள், மட்டப்பலகையைக் கயிற்றால் கட்டினார்கள். பத்து நிமிடம் இருக்கும். அதற்கு மேல் தாங்க முடியவில்லை. தவுக்கேயிடம் ஓடிப்போய், "நான்தான் போஸ், பழக்கத்துல அடிச்சிட்டேன்" என்றேன்.

அவர் சிரித்தே விட்டார். மூன்று வாரம் படித்துவிட்டு வந்த நீ அப்படிச் செய்வாயா, உன் அண்ணனைக் காப்பாற்றப் பார்க்கிறாய், போய் மெஷினைக் கழுவு, அடுத்த வாரம் மறுபடி பார்க்கலாம் என்றார்.

நான் சொன்னது அண்ணன் காதிலும் விழுந்திருக்கிறது. வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி என்னைக் கூப்பிட்டார். கண் சிவந்திருந்தது.

"பழக்கமாவது ஒண்ணாவது. எங்களுக்காக உன் மெஷினையே கவுத்திட்டியேலா. தப்புத்தான் தங்கச்சி. ஆனா சாவுற வரைக்கும் மறக்க மாட்டேன்."

"இல்லண்ணே..." என்றேன். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வாரம் காய்ந்த சுவரில் மெஷின் தேறிவிட்டது. இன்றைக்கும் நான்தான் ஓட்டுகிறேன். அண்ணன் பத்து காஜா ஊர்ப் பக்கம் கிடைத்த வேலைக்குப் போகிறார். வீட்டுக்கு யார் வந்தாலும் தன் தங்கை தனக்காகச் செய்ததைப் பெருமையாகச் சொல்வார். அவர் ஆரம்பித்ததுமே நான் தேநீர் கலக்க எழுந்து போய்விடுகிறேன்.