பிடரியில் ஒரு சுழி

என் வீட்டுக்காரர் முடி திருத்துபவர். எங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்துக்கு எதிரில்தான் அவர் கடை. எந்தக் கட்சி ஜெயித்தாலும் அந்த உறுப்பினரின் தலை இவர் கைக்கு வந்துவிடும். "ஊரே அவங்க காலைப் பிடிக்குது, நான் தலையைப் பிடிக்கிறேன்" என்று பீற்றிக்கொள்வார். மற்றபடி வாயில்லாப் பூச்சி. வீட்டில் பேசுவதெல்லாம் நான்தான்.

தொகுதியின் முதல் உறுப்பினர் ஒரு படகு முதலாளி. ஆற்றில் ஓடிய படகெல்லாம் அவருடையது என்பதால் பாலம் கட்டவே விடவில்லை. சாகும்வரை அவரைத் தோற்கடிக்க ஆளில்லை. அவருக்குப் பிடரியில், இடது காதுக்குப் பின்னால், பிறவியிலேயே ஒரு சுழி. அங்கே மட்டும் முடி எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு நிற்குமாம். கத்தி வைத்தால் இழுக்கும் என்று அவருக்கும் முடி வெட்டிய இவர் சொல்வார்.

அவர் போனபிறகு ஒரு தலைமையாசிரியர், பாலம் கட்டுவேன் என்று வேறு கட்சியில் நின்று ஜெயித்தார். தங்கமான மனுஷன். மறுவருஷமே அவர் பிடரியிலும் அதே இடத்தில் சுழி. பாலத்தை மறந்தார். பெற்ற மகனையே வாசலில் நிறுத்தி, "நீ எந்த ஊருப்பா?" என்று கேட்டார். அடுத்து ஒரு டாக்டர், மூன்றாவது கட்சி. அவருக்கும் சுழி வந்தது. கட்டின மனைவியை, மனு கொடுக்க வந்தவர்கள் வரிசையில் போய் உட்காரச் சொன்னார்.

"நாமதான் ஆளை மாத்தி மாத்தி ஓட்டுப் போடுறோம். அங்க வந்து உட்கார்றது பழைய ஆளேதான்" என்றார் இவர் ஒருநாள்.

"செத்தும் பதவியை விடலையாக்கும்? போய்ச் சாப்பிடுற வேலையைப் பாருங்க" என்று எரிந்து விழுந்தேன்.

இந்த லட்சணத்தில் எங்கள் ஒரே மகள், வக்கீலுக்குப் படித்தவள், அதே தொகுதியில் நின்றாள். இவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். "சுழிக்குப் பயந்து யாராவது தேர்தல்ல நிக்காம இருப்பாங்களாப்பா? பாலம் கட்டிட்டு வந்து பேசறேன்" என்று அவர் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள். ஜெயித்தாள். ஊரே எங்கள் வாசலில் கூடியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை, பொய் சொல்வானேன்.

மறுவருஷம் அவள் வீட்டுக்கு வருவது குறைந்தது. பாலத்தைப் பற்றிய பேச்சே நின்றுபோனது. இவருக்குத் தூக்கம் போய்விட்டது. பையனாக இருந்தால் கடையில் உட்காரவைத்துப் பார்த்திருப்பார். இவளுக்கோ இடுப்புவரை முடி. "பின்னல் போடுற சாக்குல நீ பாரு. எனக்கு என் பொண்ணு வேணும்டி" என்று அழுதார். கட்டிக்கொண்ட நாள் முதல் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் வந்தாள். நாற்காலியில் உட்காரவைத்துச் சீப்பை எடுத்தேன். இவர் சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். முடியை வாரி மேலே தூக்கினேன். இடது காதுக்குப் பின்னால் பூனைமுடி எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு நின்றது. விரலால் அமுக்கினேன். விரலை எடுத்ததும் மெதுவாக எழுந்து மறுபடி சுற்றிக்கொண்டது.

அவசர அவசரமாகப் பின்னலைப் போட்டு மறைத்தேன். "சுத்தமா இருக்குங்க. ஒண்ணுமே இல்ல. நீங்களும் உங்க பயமும்!" என்றேன்.

அவர் முகத்தைப் பார்க்கணுமே! சின்னப்பிள்ளை மாதிரி ஓடிவந்து, "சாப்பிடுறியாம்மா?" என்று அவள் முன்னால் குனிந்தார்.

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். தொண்டையைக் கனைத்தாள். என் மகள் குரல்தான். ஆனால் அத்தனை நிதானமாக அவள் பேசி நான் கேட்டதே இல்லை.

"இன்னும் அந்தக் கடையிலதான் இருக்கியாடா?"

பாவி மனுஷன், யோசிக்கக்கூட இல்லை. கை தானாகக் கட்டிக்கொண்டது.

"ஆமாங்கய்யா" என்றார்.