ரிஜெக்ட் செய்த சாக்லேட் கேக்

ஓவன் வாங்கியவர்கள் எல்லாம் தங்களைப் பற்றி என்னதான் நினைத்துக்கொள்கிறார்களோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மண்ணூரில் எங்கள் தெருவில் மட்டும் மூன்று வீட்டில் கேக் போடுகிறார்கள். கீழ் வீட்டம்மாவுக்குக் கேசரியைக் கட்டி தட்டாமல் கிண்டத் தெரியாது. அவர் ஒரு கரிக்கட்டையைத் தட்டில் வைத்துப் பிரவுனி என்கிறார், போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிறார். அதற்கும் ஆளாளுக்கு இதயம் போடுகிறார்கள். அவர்களில் எவனாவது அதைத் தின்று பார்த்திருப்பானா என்பது வேறு விஷயம்.

இந்தக் கூத்து என் வீட்டுக்குள்ளும் வந்தது. என் மனைவி சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் அசெம்பிளி லைனில் நிற்கிறாள். அங்கே நிற்பதுதான் வேலையே. ஷிஃப்ட் முழுக்க உட்கார விடமாட்டார்கள். முட்டிக்குக் கீழே நரம்பெல்லாம் நீலமாகப் புடைத்துவிட்டது. நிற்கிற வேலையை விடச் சொன்னார் டாக்டர். உடனே யாரோ விற்ற பழைய ஓவன் ஒன்றை வாங்கிவந்தாள். பஸ் ஸ்டாப் எதிரே பேக்கரி வைத்திருப்பவர், உலர்பழம் போட்ட சாக்லேட் கேக் ஒன்று செய்து ஞாயிற்றுக்கிழமை கொண்டுவரச் சொல்லியிருந்தாராம். பிடித்துப்போனால் தினமும் வாங்கிக்கொள்வாராம். அது நடந்தால் வேலையை விட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

பழத்துக்கு மட்டும் அலைய வேண்டியிருக்கவில்லை. தீபாவளிக்கு எங்கள் கம்பெனி மேனேஜர்களுக்குப் பளபளவென்று உலர்பழப் பெட்டிகள் வரும். முந்திரியும் பாதாமும் மேலிடத்திலேயே காலியாகிவிடும். எவனும் சீண்டாத அத்திப்பழமும் ஆப்ரிகாட்டும் கை மாறிக் கை மாறி என் மேசைக்கு வந்து சேரும், ஏதோ எனக்கென்றே வாங்கிய மாதிரி ஒரு சிரிப்போடு.

எனக்கு ஒரகடத்தில் வண்டி உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி வேலை. பாகத்தை எடுத்துப் பார்த்து, அளந்து, தேறாது என்றால் சிவப்பு டேக் கட்டித் தள்ளிவைப்பேன். பதினெட்டு வருஷமாக இதையே செய்கிறவனுக்கு எதைப் பார்த்தாலும் முதலில் குறைதான் கண்ணில் படும். அதை நான் பெருமையாகவே வைத்திருந்தேன்.

முதல் கேக்கை வாயில்கூட வைக்கவில்லை. கத்தியால் குறுக்கே அறுத்துப் பார்த்தேன். மேலே வெறும் மாவு, பழம் மொத்தமும் அடியில்.

"இன்னா இது? பழமெல்லாம் அடியில போய்க் குந்திக்கினு கீது. மேல் துண்டு கெடச்சவனுக்கு இன்னா குடுப்ப?"

"அடுத்த வாட்டி சரியா வரும்ங்க" என்றாள்.

இரண்டாவது தடவை பழத்தை மைதாவில் புரட்டிப் போட்டிருந்தாள். இப்போது பழம் அந்தந்த இடத்தில் நின்றது, ஆனால் நடுவில் வேகவில்லை. சட்டைப் பையில் கிடந்த சிவப்பு டேக்கை எடுத்து, "நடுவில் ஈரம்" என்று எழுதிக் கேக் டின்னில் கட்டினேன். அவள் சிரித்தாள். எனக்கும் என் சாமர்த்தியம் பிடித்திருந்தது.

மூன்றாவது, சனிக்கிழமை. காலை ஷிஃப்ட் முடிந்து வந்தவள் உட்காரவே இல்லை. பேரீச்சம்பழத்தை நறுக்கினாள், சாக்லேட்டை வெந்நீர்ச் சட்டியின் மேல் வைத்து உருக்கினாள், ஓவன் முன்னால் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள். ஆறியதும் என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

அறுத்தேன். குறை ஒன்றும் கிடைக்கவில்லை. திருப்பி வைத்து அறுத்தேன். ஒரு துண்டை வாயில் போட்டேன். பேரீச்சம்பழம் சாக்லேட்டோடு கரைந்திருந்தது, அத்திப்பழத்தின் விதை பல்லில் நறநறத்தது, பின்னாலேயே ஆப்ரிகாட்டின் புளிப்பு வந்தது. அப்படி ஒரு கேக்கை நான் எந்தக் கடையிலும் தின்றதில்லை.

"இன்னாங்க, தேறுமா?"

ஓகே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு வயிறு எரிந்தது. நாளை முதல் இவளைத் தேடி ஆள் வருவார்கள். பதினெட்டு வருஷத்தில் என்னைத் தேடி ஒருவனும் வந்ததில்லை.

"வேணாம். நல்லா இல்லன்னு பேக்கரிக்காரன் மூஞ்சிக்கு நேராவே சொல்லிடுவான்."

"இன்னா குறை?"

"குறைன்னு ஒண்ணும் தனியா இல்ல. மொத்தமா சரியில்ல."

காரணம் எழுதாமல் எதையும் ரிஜெக்ட் செய்யக் கூடாது என்பதுதான் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம். அவள் அந்தக் காரணத்தை எதிர்பார்த்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கத்தியைத் துடைத்தேன்.

"நீங்க சொன்னா கரெக்டாத்தான் இருக்கும். உங்க வேலையே அதுதானே" என்று உள்ளே போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை அவள் பேக்கரிக்குப் போகவில்லை. திங்கட்கிழமை காலை கம்பெனி பஸ் ஏறிவிட்டாள்.

அன்று எனக்கு மதிய ஷிஃப்ட். அவள் போனதும் அடுக்களையில் நின்றபடியே மீதிக் கேக்கைத் தின்ன ஆரம்பித்தேன். ஒரு துண்டோடு நிறுத்த முடியவில்லை. கடைசியில் டின்னில் ஒட்டியிருந்ததையும் கரண்டியால் சுரண்டித் தின்றேன். என்னைப் போல ஒரு அற்பப் பயலை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

மறுநாள் அவள் காலி டின்னைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். குப்பையில் கொட்டிவிட்டேன் என்றேன்.

"நல்ல வேளைங்க" என்றாள். "கடைக்கு எட்துக்கினு போயிருந்தா மானம் போயிருக்கும். நீங்க இருந்ததுனால தப்பிச்சேன்."