ஒரு நேரத்தில் ஒரு வேலை

மகளின் முகத்தைப் பார்ப்பதற்காகத்தான் அந்தக் கம்ப்யூட்டரை வாங்கினேன். மனைவி இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒரே மகள் அமெரிக்காவில். ஸ்ரீவராகத்து வீட்டில் நான் ஒருவன்தான். ஆபீஸிலிருந்து ரிட்டையரான பிறகு யாரும் என்னைத் தேடி வந்ததில்லை. வரும்படியாக நானும் ஒருவரிடமும் நடந்துகொண்டதில்லை.

ரயில் நிலையத்தை ஒட்டிய தம்பானூரில், லாட்ஜுகளுக்கு நடுவே ஒரு மாடியில் அந்தக் கடை. கம்பெனிகள் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர்களை வாங்கி, துடைத்து, கெட்டதை மாற்றி, வாரண்டியோடு விற்பார்கள். கடைக்காரர் நாகர்கோவில் பக்கத்துக்காரர். இரண்டு பெட்டிகளை எடுத்து என் முன் வைத்தார். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுதான், உள்ளே பிராசஸர் வேறு. ஒன்றில் சிங்கிள் கோர், வேகம் மூன்று கிகாஹெர்ட்ஸ். மற்றதில் டூயல் கோர், ஆனால் வேகம் ஒன்று புள்ளி எட்டுதான். விலையில் பெரிய வித்தியாசமில்லை.

“மூணு பெரிசா, ஒண்ணு புள்ளி எட்டு பெரிசா?” என்று கேட்டேன், ஏதோ அவரை மடக்கிவிட்டது போல.

“நம்பர மட்டும் பாக்கப்பிடாது சாரே. இதுல மூளை ஒண்ணு, அதுல ரெண்டு. சாருக்கு ஒரே சமயத்துல எத்தன ஜோலி உண்டு?”

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குத்தான் சுருக்கென்றது. ஒரே மேசையில் நான்கு ஃபைல்களைத் திறந்து வைத்து, ஐந்தாவது ஆளிடம் சண்டையும் போட்டவன் நான். இப்போது காலையில் காபி, கோயில் வரை நடை, பிறகு பேப்பர். பேப்பரை முடித்துவிட்டால் மத்தியானம் வரை என்ன செய்வது என்று பயந்து மெதுவாகப் படிப்பேன்.

“ஒண்ணே ஒண்ணுதான். வாரத்துல ஒரு நாள் பொண்ணைப் பாக்கணும். அதுக்கு ஒரு மூளை போறும்.”

“வீடியோன்னா அந்த ரெண்டாமத்ததுதான் நல்லது, கேட்டேளா.”

விற்காததை என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று முடிவு செய்து, மூன்று கிகாஹெர்ட்ஸ் பெட்டியையே வாங்கி ஆட்டோவில் ஏற்றினேன்.

முதல் ஞாயிறு காலை சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்தேன். திரையில் மகள் வந்தாள். அப்படியே அவள் அம்மாவின் நெற்றி. ஏதோ சொன்னாள். குரல் துண்டு துண்டாக விழுந்தது. பெட்டிக்குள் ஃபேன் இரைந்தது. படத்தை நிறுத்தினால் குரல் தெளிந்தது, படம் வந்ததும் மறுபடி சிதறியது. மகளைப் பார்ப்பது ஒரு வேலை, அவள் பேசுவதைக் கேட்பது இன்னொரு வேலை, நான் அவளுக்குத் தெரிவது மூன்றாவது வேலை என்று எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

கடைக்குப் போயிருந்தால் அவர் மாற்றிக் கொடுத்திருப்பார். “நான் அப்பவே சொன்னேனே” என்று ஒரு வார்த்தை சொல்வார், அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்காக நான் போகவில்லை. மூன்றாவது வாரம், திரைக்கு மேல் வைத்திருந்த கேமராவின் ஒயர் தற்செயலாகக் கை தட்டிக் கழன்றது. அவள் முகமும் குரலும் சுத்தமாக வந்தன.

“அப்பா, உன்னைக் காணோமே!”

“கேமரா கெட்டுப் போச்சு. நீ நன்னாத் தெரியறே. எனக்கு அது போறும்.”

“வேற வாங்கேன்.”

“வாங்கறேன்.”

ஒவ்வொரு ஞாயிறும் அவள் கேட்டாள், நானும் வாங்குகிறேன் என்றேன். பிறகு அவள் கேட்பதை விட்டாள். நான் சட்டை போடுவதை விட்டேன், அப்புறம் சவரத்தை. “சாப்டியா?” என்பாள். சமைக்க அலுப்புப்பட்டு நேற்றைய சாதத்தில் மோரை ஊற்றிக்கொண்டவன், “ஆச்சு, இப்பத்தான்” என்பேன். பார்க்காத ஆளிடம் பொய் சொல்வது சுலபமாக இருந்தது. வாரத்தில் அந்த ஒரு மணி நேரம் போக மீதி நாட்களில் என் குரலை நானே கேட்டது அபூர்வம். தனிமை என்னைத் தின்றுகொண்டிருந்தது. அதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.

இரண்டு வருடம் கழித்து அவள் வந்தாள். விமான நிலைய வாசலில், கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் கூட்டத்தோடு நின்றேன். தள்ளுவண்டியோடு வெளியே வந்து ஒவ்வொரு முகமாகத் தேடினாள். என் மேல் வந்த பார்வை நிற்காமல் பக்கத்து ஆளிடம் போனது. திரும்பி வந்தது. மறுபடியும் தாண்டிப் போனது.

“இங்கடா கண்ணா,” என்றேன். குரலைக் கேட்டுத்தான் அவள் திரும்பினாள்.

டாக்ஸியில் என் கையை விடவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் சூட்கேஸைக்கூடத் திறக்காமல் நேரே கம்ப்யூட்டர் மேசைக்குப் போனாள். தூசி படிந்து தொங்கிய ஒயரை எடுத்துச் சொருகினாள். ஃபேன் இரைந்தது. திரையில் நாங்கள் இருவரும் தெரிந்தோம்.

“கேமராவுக்கு ஒண்ணும் இல்லையேப்பா,” என்றாள், என்னைப் பார்க்காமல்.

“இல்லை,” என்றேன்.