ஆறுச்சாமியின் பெயரில் மாசாணத்தின் எச்சில்

பொள்ளாச்சி கொப்பரை வியாபாரி ஆறுச்சாமி எந்தக் காரியத்துக்கும் ஆள் அனுப்புகிறவர். கரண்ட் பில் கட்ட ஆள், துக்கம் விசாரிக்க ஆள். அவர் வேண்டிக்கொண்ட மொட்டையைக்கூடப் போட்டுக்கொண்டு வந்தது தோட்டத்து ஆள் மாசாணம்தான். அந்த மாசாணத்துக்கு டீ மட்டும் கொட்டாங்கச்சியில். அவன் வாய் வைத்த டம்ளர் வீட்டுக்குள் வரக்கூடாதாம்; எச்சில் தீட்டு.

தொண்ணூற்று நாலில், அவர் புகையிலை ஒதுக்குகிற கன்னத்தின் உட்புறம் வெள்ளைத் திட்டு ஒன்று படர்ந்தது. சதைத் துண்டு எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார் கோயமுத்தூர் பல் டாக்டர் கோமளா. கத்தி என்றதும் ஆறுச்சாமி எழுந்துவிட்டார். எச்சிலாவது கொடுங்கள் என்றார் டாக்டர். புற்றுநோய் வருமுன்னே எச்சிலில் ஒரு நொதி கூடுகிறதா என்று அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"காலைல புகையிலை போடாம இந்தப் பாட்டில்ல பிடிச்சு, ஐஸ்ல வெச்சுக் கொண்டாங்க. இது ஆராய்ச்சிதானுங்க. துண்டு எடுத்தாத்தான் உறுதி."

புகையிலை இல்லாமல் ஆறுச்சாமிக்குப் பொழுது விடிவதில்லை.

"டேய் மாசாணம், இதுல துப்புடா."

"எதுக்குங்க?"

"துப்புன்னா துப்பு."

மாசாணம் புகையிலையைத் தொடாதவன். நொதி சரியான அளவில் இருப்பதாக ரிப்போர்ட் வந்தது. இத்தோடு விட்டிருந்தால் ஆறுச்சாமி வெறும் ஏமாற்றுக்காரர். அவர் அதை நம்பவும் நம்பினார்.

"ஏனுங்க, எச்சில் அவனுதுங்களே," என்றார் மனைவி ராசாத்தாள்.

"எம்பேரு போட்டிருக்குதா இல்லியா? கம்முனு இரு புள்ள."

துண்டுச் சோதனைக்கு வரச்சொல்லி டாக்டர் போன் செய்தார். "எச்சிலே சுத்தமுன்னு சொல்லிப்போட்டீங்களே அம்மணி!" என்று இவர் போனை வைத்துவிட்டார்.

பொங்கலுக்குள் திட்டு புண்ணாகிவிட்டது. ராசாத்தாள் அவரை இழுத்துப்போய் டாக்டரிடம் உண்மையைச் சொன்னார்.

டாக்டர் விளக்கடித்துப் புண்ணைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "இப்பக் கன்னத்துல வெட்டோணுங்க. அதுக்கும் ஆள் அனுப்பறீங்களா?"

ஆறுச்சாமி வாசலில் நின்ற மாசாணத்தைத் திரும்பிப் பார்த்தார். சத்தியமாகப் பார்த்தார்.

புற்றுநோய்தான். பாதிக் கன்னமும் கொஞ்சம் தாடையும் போயின. உயிர் தப்பியது, குணமும் தப்பியது. நலம் விசாரிக்க வந்த பங்காளி சென்னியப்பனிடம் குழறினார்:

"முன்னமே பாத்திருந்தா சின்னதுல முடிஞ்சிருக்கும் பங்காளி. அந்த மாசாணம் எச்சிலை நம்பி மோசம் போயிட்டேன்."