நீக்கிய பிறகும் வந்த ஆறு செய்திகள்

ஜூன் பன்னிரண்டு, காலை பத்து மணி பத்து நிமிடம், தூறல். எங்கள் பென்ஷன்காரர் சங்கத்துக்கு நான் ஜாவாவில் எழுதிய பழைய செயலியை சர்வரிலிருந்து நீக்கி ஆறு நாள் ஆகியிருந்தது. இறந்தவர்களின் பெயரை எடுத்துவிட்டுப் புதியதை ஏற்றியிருந்தேன். சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டனிலிருந்து சரோஜாம்மா நனைந்தபடி வந்து போனை நீட்டினார்.

“இன்னா சார், செத்துப் போனவர லைஃப் சர்டிபிகேட்டோட நேர்ல வரச் சொல்றீங்க? தெனம் காலையில வருது.”

“அதை எடுத்துட்டேம்மா. உங்க போன்லதான் கோளாறு, போங்க!” என்று கத்தினேன்.

“போனுக்கு என் வீட்டுக்காரர் பேரு எப்டி சார் தெரியும்?”

பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருக்கும் மருமகனை அழைத்து அவனிடமும் கத்தினேன்.

“செயலிய எடுத்தீங்க மாமா. செய்தி அனுப்ப அது தொடங்கின த்ரெட்ட, பின்னால தனியா ஓடிட்டிருக்குமே, அத நிறுத்தினீங்களா?”

நிறுத்தவில்லை. சுரங்கத்தில் வெடி வைக்குமுன் எல்லோரும் மேலே போகும் கேஜ் லிஃப்டில் ஏறிவிட்டார்களா என்று இருபது வருடம் தலை எண்ணியவன் நான். உள்ளே ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போதே கதவை மூடியிருக்கிறேன். சர்வரையே நிறுத்தி மறுபடி ஓட்டிய பிறகுதான் அது அடங்கியது. என்மேல் எனக்கு வந்த கோபம் அடங்கவில்லை.

செய்தி ஒன்றுக்கு இருபது பைசா. ஆறு நாள் காலையில் அந்த அம்மாவை அழ வைக்க எனக்கு ஆன செலவு, ஒரு ரூபாய் இருபது பைசா.